யசோதாவின் ஞாயிற்றுக்கிழமை

யசோதாவை முதலில் பார்த்தபோது எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. அவள் என் துண்டின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

கனகபுரா பஸ் நிலையத்திலிருந்து காலை எட்டரை மணிக்கு மலையடிவாரத்துக் கிராமத்துக்கு ஒரு பஸ் உண்டு. ஒரு நாளைக்கு இரண்டே தடவைதான் போகும். கூட்டம் முண்டியடிக்கும் என்பதால் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு நிதானமாகச் சுற்றிவந்து ஏறினேன். அதற்குள் கறுப்பாக, ஒல்லியாக, நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருத்தி என் இடத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். கன்னடத்தில் சண்டையை ஆரம்பித்தேன். அவள் பதில் சொன்ன வாகிலேயே தமிழச்சி என்று தெரிந்துவிட்டது. மீதிச் சண்டை தமிழில் நடந்தது. சண்டைக்குத் தாய்மொழிதான் சௌகரியம்.

"துண்டு கிடக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது. துண்டு வந்துச்சு, ஆளு வரலியே. துண்டுக்கு எதுக்கு மேடம் சீட்டு?"

பஸ்ஸே சிரித்தது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவள் மட்டும் சிரிக்காமல் ஜன்னல் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, துண்டை உதறி மடித்து என் கையில் கொடுத்து, ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் வைத்தாள். நான் கடலையை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். தின்னவில்லை. அவள் கையால் கொடுத்ததைச் சாப்பிட எனக்கு மூன்று மாதம் ஆயிற்று. அதற்குக் காரணம் என்னவென்று இந்த ஊரில் பிறந்து வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெயர் ஜகதாம்பாள். மாநில அரசின் கருவூலத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மல்லேஸ்வரத்தில் என் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறேன். பிள்ளை அச்யுத் வைட்ஃபீல்டில். சர்க்கரைக்கு நடக்கச் சொன்னார் டாக்டர். பார்க்கில் செக்கு மாடு மாதிரி சுற்றப் பிடிக்காமல், பெண்களுக்கு அரசு பஸ் இலவசம் என்று வந்த பிறகு, பஸ் போகும் மலைகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடிப் போக ஆரம்பித்தேன். அப்படித்தான் மல்லேதேவர பெட்டா என்கிற இந்த மலைக்கும் வந்தேன்.

யசோதா வந்த விதம் வேறு. அவள் ஜீவனஹள்ளியில் பிறந்தவள். அம்மா காக்ஸ் டவுன் பங்களாக்களில் பாத்திரம் தேய்த்தவள். யசோதா வைட்ஃபீல்டில் ஒரு அபார்ட்மெண்ட்டில் ஹவுஸ்கீப்பிங். பதினான்கு மாடிப் படிகளையும் தினமும் மேலிருந்து கீழே பெருக்கித் துடைக்க வேண்டும். லிஃப்ட்டில் ஏற அனுமதி உண்டா என்று கேட்டேன். "உண்டு, வாளிக்கு" என்றாள். புருஷன் அய்யாவு ஒரு கல்யாண மண்டபத்தில் காவல்காரர். ராத்திரியும் அங்கேயேதான் படுப்பார். ஒரே பெண் மகாவை ஓசூரில் கட்டிக் கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் யசோதாவுக்கு விடுமுறை. அதுவும் வீட்டில் கிடந்தால் யாராவது ஏதாவது வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.

பஸ் இலவசமான புதிதில், ஊரிலுள்ள பெண்களெல்லாம் தர்மஸ்தலாவுக்கும் சாமுண்டி மலைக்கும் கிளம்பினார்களே, அப்போது யசோதாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்குப் போனாள். தர்மஸ்தலா பஸ்ஸின் படியில்கூடக் கால் வைக்க முடியவில்லை. ஒரு பெண்ணின் முழங்கை பட்டு உதடு கிழிந்ததுதான் மிச்சம். கோபத்தில் திரும்பியவள் காலியாக நின்ற ஒரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். அது கனகபுரா போயிற்று. அங்கேயும் காலியாக நின்ற இன்னொன்றில் ஏறினாள். அது இந்த மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டது. "கடைசி ஸ்டாப், எறங்கு" என்றாராம் கண்டக்டர். இறங்கி நிமிர்ந்து பார்த்தால் எதிரே காடும் மலையும்.

"யாரும் என்னை எதுவும் கேக்கலம்மா. அதான் புடிச்சிடுச்சு" என்றாள்.

மலையின் உச்சியில் மல்லேதேவருக்கு ஒரு சின்னக் கோயில். ஏற இரண்டு மணி நேரம். அடிவாரத்தில் வனக்காவலர் ஒருவர் நோட்டில் பெயர் எழுதிக்கொண்டு அனுப்புவார். முதல் பாதி அடர்ந்த காடு. மூங்கில், வேங்கை, நெல்லி. யானை வருகிற காலத்தில் விடமாட்டார்கள். இரண்டாம் பாதி மொட்டைப் பாறை. அங்கே பாதையே தெரியாது. அதனால் இருபது அடிக்கு ஒன்றாகக் கற்களை அடுக்கி அடையாளம் வைத்திருப்பார்கள். புதிதாக வருகிறவர்களிடம் காவலர் மறக்காமல் சொல்லி அனுப்புவார்: "வழி புரியலேன்னா அடுக்கின கல்லைப் பார்த்துண்டே போங்கோ." கன்னடத்தில் அவர் சொல்வதை என் தமிழில் எழுதுகிறேன்.

யசோதாவும் கல் அடுக்குவாள். ஆனால் அது வேறு கணக்கு. மலைக்கோயிலுக்குப் போனால் சொந்த வீடு வேண்டி நாலு கல்லை ஒன்றின்மேல் ஒன்று வைத்துவிட்டு வருகிற வழக்கம் நம் எல்லோருக்கும் தெரியும். அவள் பிறந்ததிலிருந்து பதினோரு வாடகை வீட்டில் இருந்திருக்கிறாள், பதினொன்றும் அதே நாலு தெருவுக்குள். வீட்டுக்காரன் மகனுக்குக் கல்யாணம், காலி பண்ணு. இடித்துக் கட்டப்போகிறோம், காலி பண்ணு. தண்ணீர் அதிகம் செலவாகிறது, காலி பண்ணு.

"உனக்கு வீடு இருந்தா முதல்ல என்ன பண்ணுவே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சுவத்துல ஒரு ஆணி அடிப்பேன். யாரையும் கேக்காம."

முதல் தடவை அவள் உச்சியில்தான் கல் அடுக்கினாள். அவள் திரும்புவதற்குள் ஒரு பையன் ரீல் எடுக்கிற மும்முரத்தில் காலால் தட்டிவிட்டான். யசோதா அவனைக் கேட்ட கேள்வியில் அவன் ரீலையே அழித்துவிட்டான் என்பது வேறு. அதன் பிறகுதான் அவள் ஆளில்லாத இடமாகத் தேடினாள். பாதி வழியில் ஒரு பெரிய வேங்கை மரத்தடியில் வழி இரண்டாகப் பிரியும். இடதுபுறம் கோயிலுக்கு. வலதுபுறம் ஒற்றையடித் தடம் ஒன்று மூங்கில் புதருக்குள் போய் மறையும். ஒதுங்க இடம் தேடி அதற்குள் போனவள்தான். ஆண்களுக்கு எந்த மரத்தடியும் போதும், நமக்கு அப்படியா? போனால் அந்தத் தடம் மரங்களுக்கிடையே வளைந்து வளைந்து ஒரு பாறை விளிம்பில் முடிகிறது. கீழே பள்ளம், எதிரே அடுக்கடுக்காக மலைகள்.

அந்தத் தடத்தின் ஓரத்தில், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்தில் தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றாக வீடு கட்டிக்கொண்டே போனாள். நான் முதன்முதலில் பார்த்தபோது முப்பது இருந்தன. விளிம்பு வரைக்கும் வரிசையாக, பத்தடிக்கு ஒன்று.

"என்னடி இது, லேஅவுட்டே போட்டுட்டியே!"

"சைட்டு ஃப்ரீ, பஸ்ஸு ஃப்ரீ. நம்மள யாரு கேப்பாங்க?" என்றாள். "யசோதா நகர். ஃபர்ஸ்ட் மெயின் ரோடு."

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று சும்மாவா சொன்னார்கள்? ஒவ்வொரு வாரமும் மழையில் சரிந்ததையும் குரங்கு தள்ளியதையும் எடுத்துக் கட்டுவதற்கே அவளுக்கு ஒரு மணி நேரமாகும். நான் ஒரு கல்லில் உட்கார்ந்து அவளைக் கேலி செய்துகொண்டிருப்பேன். அவளுடைய புளிசாதத்தை அதற்குள் சாப்பிடப் பழகியிருந்தேன். அந்த ஒரு வருஷத்தில் எனக்கு அவளைவிட நெருக்கமானவர்கள் யாரும் இல்லை. இதை அவளிடம் சொன்னதில்லை.

இனிமேல் சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை.

போன வருஷம் செப்டம்பர் கடைசியில் எனக்கு முட்டி வீங்கியிருந்தது. வேங்கை மரத்தடி வரை ஏறிவிட்டேன், அதற்கு மேல் முடியவில்லை. "நீ உன் நகருக்குப் போய்ட்டு வா, நான் இங்கேயே இருக்கேன்" என்று அவளை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன். பொழுது போகவில்லை. சுற்றிலும் தட்டையான கற்கள் கிடந்தன. ஒன்றை எடுத்து வைத்தேன். அதன்மேல் ஒன்று. நன்றாகத்தான் நின்றது. ஏழு கல், முழங்கால் உயரம். பாதை பிரிகிற இடத்தில், வலது தடத்தின் வாயிலேயே. எனக்கு வேண்டிக்கொள்ள ஒன்றுமில்லை, சொந்த வீடு இருக்கிறது. சும்மா விளையாட்டுக்குத்தான் வைத்தேன். போனில் படம் எடுத்து, 'மலையில் என் பங்களா' என்று குடும்பத்து வாட்ஸ்அப்பில் போட்டேன். அச்யுத் கட்டைவிரல் காட்டினான். யசோதா வருவதற்குள் முட்டியை நீட்டிக்கொள்ள நாலடி கீழே இறங்கியிருந்தேன். அவளிடம் இதைச் சொல்லக்கூடத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து, தூறல் பிடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் போன அதே பஸ்ஸில் பொம்மனஹள்ளிப் பையன்கள் நாலு பேர் வந்தார்கள். கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிறவர்கள். அவர்களில் தினேஷ் என்பவன் மெஷின் மெக்கானிக், இருபத்து நாலு வயது. வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். அடிவாரத்தில் வெகுநேரம் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் முன்னால் ஏறிவிட்டோம். மேகம் கவிந்திருந்ததால் யசோதா அன்று தன் தடத்துக்குள் போகவில்லை. நேராகக் கோயிலுக்குப் போனோம். மூங்கில் இலைகளைத் தாண்டி நான் அந்த ஏழு கல்லைக் கவனித்தேனா என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கவனித்தேன். இன்னும் விழாமல் நிற்கிறதே என்று பெருமையாகத்தான் இருந்தது.

இறங்கி வரும்போது வேங்கை மரத்தருகே கூச்சல் கேட்டது. வலதுபுறத் தடத்துக்குள்ளிருந்து ஒரு பையன் அலறிக்கொண்டு ஓடி வந்தான். "விழுந்துட்டான், விழுந்துட்டான்!"

பாதை பிரிகிற இடத்தில் கல் அடுக்கியிருந்ததைப் பார்த்துத் திரும்பியிருக்கிறார்கள். உள்ளே போகப் போகக் கல் அடுக்கு வந்துகொண்டே இருந்ததால் சரியான வழிதான் என்று நம்பிக்கையாக நடந்திருக்கிறார்கள். தினேஷ் முன்னால் போயிருக்கிறான். பாறை விளிம்பில் பாசி. இரண்டு மாடி ஆழத்தில் விழுந்து கிடந்தான்.

யசோதா வேரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். நான் மேலேயே நின்றேன். அவன் இடது கால் திரும்பியிருந்த விதத்தை மேலிருந்தே பார்க்க முடிந்தது. அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அவள் தண்ணீர் கொடுத்தாள். காவலரும் கிராமத்து ஆட்களும் வந்து, இரண்டு மூங்கிலும் ஒரு கம்பளியுமாகக் கட்டி அவனைத் தூக்கி அடிவாரத்துக்குக் கொண்டுவருவதற்குள் நாலரை மணி பஸ் வந்து நின்றிருந்தது. டிரைவர் ஒரு வார்த்தை பேசாமல் கடைசி நீள சீட்டில் இருந்தவர்களை எழுப்பிவிட்டு அவனைப் படுக்கவைக்கச் சொன்னார்.

பஸ் கிளம்புவதற்கு முன் காவலர் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். அந்தத் தடம் முழுக்க யார் கல் அடுக்கி வைத்தது?

"நாந்தான் சார்" என்றாள் யசோதா. "எல்லாம் நாந்தான். வீடு வேணும்னு வேண்டிக்கிட்டு வெச்சேன்."

"நடுப்பாதையில, மரத்தடியில வெச்சதும் நீதானா?"

"எல்லாம் நாந்தான்."

நான் அவளுக்குப் பக்கத்தில், ஓரடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. போலீஸ், கேஸ், பென்ஷன், அச்யுத் என்ன சொல்வான் — இத்தனையும் ஒரே நொடியில் மனத்தில் ஓடின. தினேஷின் நண்பன் ஒருவன் அவளை அடிக்கக் கையை ஓங்கினான். கண்டக்டர்தான் தடுத்தார். பஸ் எங்கேயும் நிற்காமல் கனகபுரா ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. போய்ச் சேருவதற்குள் நான் வாட்ஸ்அப்பிலிருந்து அந்தப் படத்தை அழித்துவிட்டேன். ஊமை ஊரைக் கெடுக்கும் என்பார்கள். என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கேஸ் எதுவும் வரவில்லை. காவலர் அவளைக் கூப்பிட்டு அத்தனை கல்லையும் கலைக்கச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் தனியாகப் போய் ஐம்பத்துச் சொச்சம் வீட்டையும் இடித்துவிட்டு வந்தாள். இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டார்களாம். நான் அன்று போகவில்லை. முட்டி வலி என்று சொன்னேன்.

தினேஷுக்குத் தொடை எலும்பும் இடுப்பும் முறிந்திருந்தன. ஒரு ஆபரேஷன், சீழ் பிடித்து இன்னொன்று. வேலை போயிற்று. அவன் அம்மா லட்சுமம்மாவும் கார்மெண்ட்ஸில் தையல்காரிதான். புருஷன் இல்லை. பொம்மனஹள்ளியில் மூன்றாம் மாடியில் ஒரு ரூம். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவனைக் கீழே மைதானத்துக்கு இறக்கி நடை பழக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், ஒரு வாரத்துத் துணியைத் துவைக்க வேண்டும். அவனை இறக்க இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி லட்சுமம்மா. இன்னொருத்தி யசோதா.

"பொம்மனஹள்ளிக்குப் போறேன்மா" என்றாள் ஒரு நாள் போனில். நானாகக் கூப்பிட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

"ஒவ்வொரு வாரமுமா?"

"வேற யாரு இருக்காங்க அவங்களுக்கு?"

"உன்னை என்ன சொல்றா அவா?"

"திட்றாங்க. திட்டட்டும். கால் போச்சே அந்தப் புள்ளைக்கு."

"நீ என்ன வேணும்னா பண்ணினே? சாமி காரியம்தானே. மனசைப் போட்டு அலட்டிக்காதே" என்று நான் ஆறுதல் சொன்னேன். ஆமாம், நான்தான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று எங்கள் ஆபீசில் பொழுதுபோகாமல் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் புரிந்தது.

ஒன்பது மாதம் இப்படியே போயிற்று. யசோதாவுக்கு வாரத்தில் இருந்த ஒரே ஒரு நாள், யாரும் எதுவும் கேட்காத அந்த நாள், இல்லாமலே போயிற்று. ஆறு நாள் வைட்ஃபீல்டில் பதினான்கு மாடி, ஏழாம் நாள் பொம்மனஹள்ளியில் மூன்று மாடி. நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அந்த நாள் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். சொல்லத்தான் போகிறேன் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைப்பேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து காபி குடிப்பேன், பேப்பர் படிப்பேன். சாயங்காலம் அவளுக்கு ஒரு போன். "சாப்டியா?" அவ்வளவுதான். ஒரே ஒருமுறை தனியாக, இங்கே பக்கத்திலிருக்கும் சிவகங்கை மலைக்குப் போனேன். படி ஏறும் வழியில் யாரோ கல் அடுக்கி வைத்திருந்தார்கள். அங்கிருந்தே திரும்பிவிட்டேன்.

போன ஜூலையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி போட்டு வைத்துவிட்டுக் குடிக்காமல் கிளம்பினேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று ஏதோ தீர்மானம் பண்ணிக்கொண்டு போனேன் என்று நினைக்க வேண்டாம். கையில் ஆப்பிளும் பிஸ்கட்டுமாக, நோயாளியைப் பார்க்கப் போகிறவள் மாதிரிதான் போனேன்.

சந்துக்குள் அந்தக் கட்டடத்தைக் கண்டுபிடித்து நான் உள்ளே நுழைந்தபோது அவர்கள் தினேஷை இறக்கிக்கொண்டிருந்தார்கள். குறுகலான படி. ஒருபுறம் லட்சுமம்மா, மறுபுறம் யசோதா. அவன் இரண்டு கையையும் அவர்கள் தோளில் போட்டு, ஒவ்வொரு படியாகக் காலை இழுத்து வைத்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் பாடிக்கொண்டு வந்த பையன் பாதியாக இளைத்திருந்தான். கடைசி வளைவில் யசோதாவின் கால் கொஞ்சம் இடறியது.

"ஒழுங்கா புடி" என்றான் அவன். "ஒரு தடவ தள்ளிவுட்டது போதாதா உனக்கு?"

தன் அம்மா வயதுக்காரியைப் பார்த்து இப்படிச் சொன்னான். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரிப்பா" என்று சொல்லிப் பிடியை மாற்றிக்கொண்டாள். பழகிப்போனவள் சொல்கிற 'சரிப்பா'.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. அவனைக் கீழே நாற்காலியில் உட்காரவைக்கும் வரைகூடப் பொறுக்காமல், அந்தப் படியடியிலேயே நின்று சொன்னேன். "மரத்தடியிலே, பாதை பிரியற இடத்திலே இருந்த கல்லை வெச்சது அவ இல்லை. நான். விளையாட்டுக்கு வெச்சேன். அதைப் பார்த்துத்தான் நீங்கள்ளாம் திரும்பினேள். அன்னைக்கே சொல்லியிருக்கணும். சொல்லலை."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். லட்சுமம்மாவுக்கு நான் யாரென்றே தெரியாது. தினேஷ் பிறகு யசோதாவைப் பார்த்தான். "ஆன்ட்டி" என்றான். ஒன்பது மாதத்தில் அவன் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை என்று பிறகு லட்சுமம்மா சொன்னாள்.

யசோதா அவனை மெதுவாக நாற்காலியில் உட்காரவைத்தாள். காலுக்கடியில் தலையணை கொடுத்தாள். அதன்பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"எனக்குத் தெரியும்மா."

"தெரியுமா?"

"அந்த எடத்துல நான் வெச்சதே இல்லியே. முட்டி வலின்னு அன்னைக்கு அங்க உங்களத் தவிர யாரு உக்காந்திருந்தாங்க?"

"அப்பறம் எல்லாம் நான்தான்னு ஏன் சொன்னே?"

"பக்கத்துலதான நின்னீங்க. ஒரு நிமிஷம் கழிச்சு நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள். என் கையிலிருந்த ஆப்பிள் பை கனத்தது. அழுகை வந்தது. அழுதால் யாராவது என்னைத் தேற்ற வேண்டியிருக்குமே என்று அடக்கிக்கொண்டேன்.

"என்ன யசோதம்மா இது?" என்றாள் லட்சுமம்மா. "அப்போ தப்பு உங்களுது இல்லியா?"

"என்னுதுந்தான். வாசல் இவங்க வெச்சாங்க. வீதி நான் போட்டேன். எது இல்லாட்டியும் புள்ள அங்க போயிருக்க மாட்டான்." அவள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். "ஒம்போது மாசம் நான் வந்துட்டேன். என் பங்கு அவ்வளவுதான் லட்சுமம்மா. வர வாரத்துலேந்து நான் வரல. ஒம்போது மாசம் இவங்க வருவாங்க."

என்னிடம் கேட்கவில்லை. வருவீர்களா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. தினேஷின் தலையை ஒருமுறை தடவிவிட்டு, சுவரோரம் வைத்திருந்த தன் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"யசோதா, நானும் வரேன், இரு" என்றேன்.

"நீங்க எங்க வர்றீங்க?" என்றாள். "இன்னும் துணி துவைக்கல. புள்ளைய மேல ஏத்தணும்."

சந்து முனையில் திரும்பும் வரை அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மணி ஒன்பதுகூட ஆகவில்லை. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு மிச்சமிருந்தது.

லட்சுமம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் புடவை, கண்ணாடி, கையிலிருந்த பை எல்லாவற்றையும். பிறகு தினேஷின் வலது பக்கம் போய் நின்று, இடது பக்கத்தைக் காட்டினாள்.

"யசோதம்மா காலைல ஏழு மணிக்கு வந்துடுவாங்க" என்றாள். "நீங்க எத்தன மணிக்கு வருவீங்க?"